பெயர் கேட்கும் குறி: வெறியாட்டு, முத்துக்குறி, கோடாங்கி – ஓர் ஒப்பீட்டு நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

நோயுற்ற பெண்ணைப் பற்றியிருப்பது யார் எனக் குறியின் வழி வினவும் மரபு சங்க அகப்பாடல்களில் வெறியாட்டாகவும், ஆழ்வார் பாசுரங்களிலும் அரையர் சேவையிலும் கட்டுவிச்சியின் குறியாகவும், நாட்டார் வழக்கில் கோடாங்கியின் உடுக்கை விசாரணையாகவும் தொடர்கிறது. இம்மூன்றும் ஒரே வினாவையே கேட்கின்றன என்பதையும், விடையாகக் கிடைக்கும் பெயரை அவை வெவ்வேறு வகையில் கையாள்கின்றன என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அகமரபு பெயரை மறைக்கிறது. பக்திமரபு அதனைப் போற்றி உரைக்கிறது. நாட்டார் சடங்கு அதனை வெளியேற்றுகிறது. இம்மூன்றிலிருந்தும் வேறுபட்டு, நோயுற்றவளே குறி கேட்டு, நோயின் காரணத்தையும் மருந்தையும் தானே உரைக்கும் நான்காவது நிலையை ஆண்டாளின் நாச்சியார் திருமொழி காட்டுகிறது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: வெறியாட்டு, கட்டுவிச்சி, முத்துக்குறி, அரையர் சேவை, கோடாங்கி, பேயோட்டுதல், நாச்சியார் திருமொழி

1. முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அடுத்தடுத்து அமைந்தவை இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும். மலைச்சரிவும் கரிசல்காடும் சந்திக்கும் இந்நிலப்பகுதியில் குறி கேட்கும் மரபின் இரு வடிவங்கள் அருகருகே வழங்குகின்றன. ஒன்று கோயிலுக்குள் நிகழ்வது. பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய திருவில்லிபுத்தூரில் அரையர் சேவையின் ஒரு கூறாக முத்துக்குறி நிகழ்த்தப்பெறுகிறது. மற்றொன்று ஊர்ப்புறங்களில் நிகழ்வது. பேய் பிடித்ததாகக் கருதப்படுபவரைக் கோடாங்கியிடம் அழைத்துச் சென்று, உடுக்கை ஒலிக்க, பற்றியிருப்பது யார் என வினவும் வழக்கம் இது. முன்னது வைணவக் கலைமரபு எனவும் பின்னது மூடநம்பிக்கை எனவும் பிரித்து நோக்குவது பொதுவழக்கு. இரண்டும் ஒரே வினாவின் கிளைகள் என்பது போதிய அளவில் பேசப்படவில்லை.

நாட்டார் மந்திரச் சடங்குகள் குறித்த தமிழாய்வில் இரு போக்குகள் வலுவானவை. ஒன்று, சடங்கை ஒத்த மந்திரம், தொத்து மந்திரம் எனப் பிரேசரின் வழியில் வகைப்படுத்தி, அதன் சமூக அடித்தளத்தை விளக்குவது. ஆ. சிவசுப்பிரமணியனின் 'மந்திரமும் சடங்குகளும்' இப்போக்கின் பயன்மிக்க நூல். மற்றொன்று, ஆவியேறுதலை ஒடுக்கப்பட்டோரின் மறைமுக எதிர்ப்பாகக் காண்பது. ஐ. எம். லூயிசின் 1971ஆம் ஆண்டு நூல் வழியாக இப்பார்வை உலகெங்கும் பரவிற்று. முதல் போக்கு சடங்கில் கையாளப்படும் பொருள்களை நன்கு விளக்குகிறது. சடங்கில் பேசப்படும் சொல்லை அந்த அளவு கவனிப்பதில்லை. இரண்டாம் போக்கு பேச்சைக் கவனிக்கிறது. ஆயினும் பேய் பேசுவதையெல்லாம் பெண்ணின் குரலாகவே கொண்டுவிடுகிறது. குறியை ஒரு விசாரணை முறையாகக் கொண்டு, கேட்பவர் யார், விடை கூறுபவர் யார், கிடைத்த விடை என்னவாகிறது என்னும் மூன்று வினாக்களை எழுப்பினால் இவ்விரு போக்குகளும் தவறவிடும் ஒன்று புலப்படும்.

2. வெறியாட்டு: மறைக்கப்படும் பெயர்

களவொழுக்கத்தில் தலைவனைப் பிரிந்த தலைவி மெலிகிறாள். காரணம் அறியாத தாய் கட்டுவிச்சியையோ வேலனையோ நாடுகிறாள். முறத்தில் நெல்லைப் பரப்பி எண்ணிக் காணும் கட்டு, கழற்சிக்காய்களைக் கொண்டு பார்க்கும் கழங்கு ஆகிய இரண்டையும் தொல்காப்பியக் களவியல் வெறியோடு சேர்த்துச் சுட்டுகிறது. குறியின் முடிவு பெரும்பாலும் முருகனின் அணங்கு என்பதாகவே அமைகிறது. களம் இழைத்து, மறி அறுத்து, வேலன் வெறியாடுகிறான். கபிலர் பாடிய குறிஞ்சியுள் வெறிப்பத்து என ஒரு முழுப்பத்தே (ஐங்குறுநூறு 241–250) இதற்கென அமைந்திருப்பதும், வெறியைப் பாடியதாலேயே 'வெறிபாடிய' என்னும் அடைமொழியைக் காமக்கண்ணியார் பெற்றிருப்பதும் இத்துறையின் செல்வாக்கைக் காட்டும்.

இப்பாடல்களின் சுவை முழுவதும் விசாரணையின் தவற்றில் நிற்கிறது. விடை தவறு என்பதைத் தலைவி அறிவாள், தோழி அறிவாள், கேட்போரும் அறிவர். வேலனும் தாயும் மட்டுமே அறியார். நற்றிணை 34ஆம் பாட்டில் தோழி முருகனையே முன்னிலைப்படுத்தி, இந்நோய் தன்னால் வந்ததன்று என்பதை அறிந்தும் வேலன் அழைத்ததற்காக வந்து நிற்கும் அவன் தெய்வமேயானாலும் அறியாமை உடையவனே என எள்ளுகிறாள். குறுந்தொகை 362ஆம் பாட்டில், வேலன் இடும் பலியை இவளை மயக்கிய மலைநாடனின் மார்பும் உண்ணுமோ எனக் கேட்கிறாள். அகநானூறு 22ஆம் பாட்டின் தலைவியோ, வெறியாடிய இரவிலேயே காதலன் வந்து தழுவ, வீணே வந்துபோன வேலனை நினைந்து நகைக்கிறாள். இந்நகை சிலப்பதிகாரக் குன்றக்குரவை வரை தொடர்ந்து ஒலிக்கிறது.

தவறான விடையைத் திருத்திச் சரியான பெயரைக் கூறிவிட்டால் வெறி நின்றுவிடும். ஆனால் அகமரபில் அதற்கு இடமில்லை. அன்பின் ஐந்திணையில் ஒருவரையும் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது அகத்திணையியலின் விதி. இவ்விதியைச் செய்யுள் மரபாக மட்டுமே உரையாசிரியர்கள் பெரிதும் விளக்கினர். வெறிப்பாடல்களோடு வைத்து நோக்கும்போது அது கதைக்குள்ளும் செயற்படுவதைக் காணலாம். பெயர் வெளிப்பட்டால் அலர், வெளிப்படாவிடில் வெறி. இவ்விரண்டிற்கும் இடையில் தோழி ஒரு வழி காண்கிறாள். குறுந்தொகை 23ஆம் பாட்டில், குறி பாட வந்த அகவன் மகளிடம், முன்பு பாடிய அவனது மலையைப் பற்றிய பாட்டை மீண்டும் பாடுமாறு அவள் வேண்டுகிறாள். ஆளின் பெயருக்கு மாற்றாக மலை நிற்கிறது. விசாரணைக் களத்திலேயே, விசாரிப்பவளின் வாய்மொழியைக் கொண்டே, உண்மை குறிப்பாய் உணர்த்தப்படுகிறது.

இதன் எல்லையை அகநானூறு 98 காட்டுகிறது. வெறியாடியும் மேனி தேறாவிடில் அலர் எழும். தேறிவிட்டாலோ, தன் பொருட்டு மெலியவில்லை, வேறு காரணத்தால் நோயுற்றாள் எனத் தலைவன் கருதிவிடக்கூடும். பிறகு உயிர்வாழ்தல் அரிது எனத் தலைவி கலங்குகிறாள். தவறான பெயரால் கிடைக்கும் நலமே அவளுக்கு அச்சம் தருகிறது. குணமாதல் வேறு, உண்மை ஏற்கப்படுதல் வேறு என்பதை இப்பாட்டு அளவுக்குத் தெளிவாக உரைத்த பாட்டு அரிது. பேயோட்டுதலைப் பற்றிய பின்னைய ஆய்வுகள் சடங்கால் குணம் கிட்டுகிறதா என்பதில் கருத்தூன்றும்போது இவ்வேறுபாட்டை மறந்துவிடுகின்றன.

3. கட்டுவிச்சியும் முத்துக்குறியும்: உரைக்கப்படும் பெயர்

ஆழ்வார்கள் வெறித்துறையை ஏற்று, அதன் திசையை மாற்றினர். நம்மாழ்வாரின் திருவாய்மொழி நான்காம் பத்து ஆறாம் திருமொழியில் தோழி வெறியை விலக்குகிறாள். ஆடும் கள்ளும் படைத்து வேறு தெய்வத்தை அழைக்க வேண்டா, திருமாலின் திருநாமங்களைச் சொல்லுங்கள் என்பது அவள் கூற்று. வெறிவிலக்கு என்னும் துறை சங்கத்திலும் உண்டு. அங்கே விலக்கிய தோழி பெயரைக் கூறாமல் நின்றாள். இங்கே விலக்கும் தோழி பெயரையே மருந்தாக நீட்டுகிறாள்.

திருமங்கையாழ்வார் மேலும் ஒருபடி செல்கிறார். அவர்தம் சிறிய திருமடலில் கட்டுவிச்சி சுளகில் நெல்லை எறிந்து, வியர்த்து, நடுங்கி, மெய் சிலிர்த்துப் பின் விடை கூறுகிறாள். அவ்விடை தவறானதன்று. பற்றியிருப்பவன் ஆயிரம் பெயர்களை உடையவன் என அவள் சரியாகவே கண்டுசொல்கிறாள். சங்கப்பாட்டில் நகைப்புக்கு உரியதாயிருந்த கட்டு இங்கே மெய்யறியும் கருவியாகிறது. ஒற்றைப் பெயரைச் சுட்டலாகாது என்ற இடத்தில் எண்ணிறந்த பெயர்கள் வந்து நிற்கின்றன. திருநெடுந்தாண்டகத்தின் 11ஆம் பாசுரத்தில் தாய், கட்டுவிச்சியை மெய் கூறுமாறு வேண்டியதையும், கடல்வண்ணனே இதனைச் செய்தான் என அவள் கூறியதையும் உரைத்து, இனி இதனைத் தீர்க்க வல்லார் யார் எனக் கையறுகிறாள். குறி பலித்தது, ஆனால் நோய் தீரவில்லை. காரணம் தெரிந்தபின் நோய் தீர்க்கப்படாததாக, தீர்க்க வேண்டாததாகவும் ஆகிறது.

இப்பாசுரத்தை மையமாகக் கொண்டதே அரையர் சேவையின் முத்துக்குறி. கூம்பிய குல்லாயும் கைத்தாளமுமாக நிற்கும் அரையர் ஒருவரே தாயாகவும் மகளாகவும் கட்டுவிச்சியாகவும் மாறி மாறிப் பாவித்து, முத்துகளைப் பரப்பிக் குறி பார்க்கிறார். சு. வேங்கடராமன் போன்றோரின் ஆய்வுகள் இக்கலையின் நிகழ்த்துமுறையையும் உரைமரபையும் விளக்கியுள்ளன. இக்கட்டுரை அதில் காண விழைவது வேறொன்று. முத்துக்குறியில் விசாரணை முழுமையும் ஒரே வாயிலிருந்து எழுகிறது. வினவும் தாயும், விடை கூறும் கட்டுவிச்சியும், நோயுற்ற மகளும் ஓர் ஆடவரின் குரல்களே. விடை முன்பே அறிந்தது. கேட்போர் அறிய வேண்டியது ஒன்றுமில்லை. அறிந்த பெயரைக் கூடிநின்று மீண்டும் கேட்பதே நிகழ்வின் நோக்கம். விசாரணை இங்கே வழிபாடாகிவிட்டது. பெண் குறிசொல்லி அடைந்த பெருமை பாட்டில் நிலைத்தது; நிகழ்த்துதலில் அவளுக்கு இடமில்லை.

4. கோடாங்கி: வெளியேற்றப்படும் பெயர்

கோயிலை விட்டு ஊர்ப்புறம் சென்றால் அதே வினா உடுக்கையோடு எழுகிறது. கோடாங்கி என்னும் சொல் கருவிக்கும் அதனை இசைத்துக் குறி சொல்பவருக்கும் பொதுவாக வழங்குகிறது. கரிசல் வட்டாரத்தில் பரவலாக வாழும் கம்பளத்து நாயக்கரிடையே கோடாங்கி சமூகச் சடங்குப் பொறுப்பும் உடையவர். செவ்வாய், வெள்ளி, அமாவாசை நாள்கள் இவ்விசாரணைக்கு உரியன. திருநீறு, எலுமிச்சை, வேப்பிலை ஆகியவை துணைக்கருவிகள்.

கோடாங்கியின் முதல் பணி பகுத்தறிதல். வந்திருப்பது சாமியா, பேயா, எவரேனும் வைத்த செய்வினையா, அல்லது வெறும் நோயா? வேலனும் கட்டுவிச்சியும் கட்டாலும் கழங்காலும் தேடியது இதையே. சாமி எனில் குலதெய்வத்தின் குறை கேட்கப்பட்டு, படையலோ பொங்கலோ நேர்ந்துகொள்ளப்படும். பேய் எனில் விசாரணை மூன்று வினாக்களாக விரியும்: நீ யார், எந்த ஊர், எதற்கு வந்தாய்? விடை வரும்வரை உடுக்கை ஓய்வதில்லை. பேய் பெயரைக் கூறியபின் அது எவ்வாறு இறந்தது, எவ்விடத்தில் பற்றியது, என்ன கொடுத்தால் போகும் என்னும் பேரம் தொடங்கும். இறுதியில் திரும்ப வருவதில்லை எனச் சத்தியம் வாங்கப்படும்.

வட தமிழகத்தின் செஞ்சிப் பகுதியில் களப்பணி செய்த இசபெல் நபகோவ், 1997ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் 2000ஆம் ஆண்டில் வெளிவந்த நூலிலும் இச்சடங்கை நுணுகி ஆய்ந்துள்ளார். அங்கே பேய் பிடித்தவர்களாகக் கருதப்பட்டோரில் புதுமணப் பெண்கள் மிகுதி. பற்றியவையோ பெரும்பாலும் காதல் நிறைவேறாமல் இளமையில் உயிர்நீத்த ஆடவரின் ஆவிகள். பேய் குடியிருப்பதாகக் கருதப்படும் மயிர்க்கற்றையை அறுத்து, புளியமரத்தில் ஆணியால் அறைந்து, கணவனோடு வாழும் மனைவியாக அவளை மீட்டெடுப்பதில் சடங்கு முடிகிறது. பேயோட்டுதல் பெண்ணுக்கு விடுதலை தருகிறது என்ற கருத்தை நபகோவ் மறுக்கிறார். தனக்குள் எழும் ஒரு பகுதியைத் தனதன்று எனக் கைவிடுமாறு சடங்கு அவளைக் கட்டாயப்படுத்துகிறது என்பது அவர் வாதம்.

இதனைச் சங்கப்பாட்டோடும் முத்துக்குறியோடும் இணைத்து நோக்கினால் ஓர் ஒற்றுமை வெளிப்படுகிறது. மூன்றிலும் 'யார்?' என்ற வினாவிற்கு உரிய விடை, வீட்டிற்கு வெளியே நிற்கும் ஒரு காதலனே. குறிஞ்சித் தலைவன், கடல்வண்ணன், காதலில் தோற்று இறந்த இளைஞன் என ஆள் மாறினாலும் இடம் மாறவில்லை. மூன்றிலும் அவனை அறிய விழைவது வீடு. பெயரின் கதியில்தான் மரபுகள் பிரிகின்றன. அகப்பாட்டு பெயரைத் தலைவியிடமே காப்பாக விட்டுவைக்கிறது. பக்திப் பாட்டு அதனை ஊரறிய உரைத்துப் பேறாக்குகிறது. கோடாங்கி அதனைக் கேட்டறிவது அவளிடமிருந்து நீக்குவதற்காகவே. பெயர் தெரியாத பேயை ஓட்ட இயலாது.

இவ்வொப்புமைக்கு எல்லை உண்டு. எல்லாப் பேயும் காதலன் அன்று. மகப்பேற்றில் இறந்தவள், கொலையுண்டவர், தற்கொலை செய்துகொண்டவர் எனத் துர்மரணம் அடைந்த எவரும் பேயாகலாம் என்பது தமிழகமெங்கும் உள்ள நம்பிக்கை. நபகோவ் கண்ட செஞ்சி வழக்கை அப்படியே கரிசல் வட்டாரத்திற்குப் பொருத்திவிடவும் கூடாது. எனினும் இந்த விரிவும் முன்வைத்த கருத்தை வலுப்படுத்தவே செய்கிறது. ஊர் பேசத் தயங்கும் மரணங்களே பேயின் வாயில் பெயர்களாக வருகின்றன. அவ்வகையில் கோடாங்கியின் களம், வேறெங்கும் பதிவாகாத துயரங்கள் ஒலிக்கும் இடமாகிறது. அதே நேரத்தில், அவ்விசாரணை ஒரு வினாவை ஒருபோதும் கேட்பதில்லை. பேய்க்கு என்ன வேண்டும் எனக் கேட்கப்படுகிறது. அப்பெண்ணுக்கு என்ன வேண்டும் எனக் கேட்கப்படுவதில்லை. பேயின் பெயர் கிடைத்தவுடன் வீடு விசாரணையிலிருந்து விடுபடுகிறது. புகுந்த வீட்டின் நடத்தை குறித்து அவள் கூறியவை இருப்பின், அவை பேயின் சொற்களாக அதனோடே போய்விடுகின்றன. ஆவியேறுதலை எதிர்ப்பின் குரலாகக் காண்போர் பேச்சு நிகழ்ந்ததைக் கண்டனர். அப்பேச்சு எவர் கணக்கில் எழுதப்பட்டது என்பதைக் காணவில்லை.

5. ஆண்டாள்: தானே உரைக்கும் பெயர்

முத்துக்குறி நிகழும் அதே ஊரில் தோன்றிய ஆண்டாள் இம்மூன்று வழிகளுக்கும் புறம்பான ஒன்றைச் செய்திருக்கிறார். நாச்சியார் திருமொழியின் நான்காம் திருமொழி கூடல் இழைத்தலைப் பொருளாகக் கொண்டது. மணலில் வட்டமாகச் சுழித்து, அது கூடுகிறதா எனக் கண்டு, காதலனோடு கூடுதல் நிகழுமா என அறியும் குறி அது. இங்கே வேலன் இல்லை, கட்டுவிச்சி இல்லை, வினவும் தாயும் இல்லை. நோயுற்றவளே குறியை இழைக்கிறாள். 'யார்?' என்பது அவளுக்கு வினாவே அன்று. பெயரை அவள் முன்பே அறிவாள். வருவானா என்பது மட்டுமே கேள்வி. பிறர் கையிலிருந்த கருவி நோயுற்றவளின் கைக்கு வந்ததும் வினாவே மாறிவிடுகிறது.

பன்னிரண்டாம் திருமொழியில் அவள் உறவினரை நோக்கிப் பேசுகிறாள். தன் நிலை அவர்களுக்கு விளங்காது எனத் தொடங்கி, தன்னை மதுரைப்புறத்திலும் ஆய்ப்பாடியிலும் யமுனைக் கரையிலும் கொண்டு சேர்க்குமாறு கட்டளையிடுகிறாள். பதின்மூன்றாம் திருமொழியில் மருந்தையும் அவளே விதிக்கிறாள்: அவன் அரையில் உடுத்த ஆடையைக் கொண்டுவந்து தன்மேல் வீசுக என்கிறாள். அறிகுறி, காரணம், தீர்வு ஆகிய மூன்றையும் நோயுற்றவளே உரைக்கும் இத்தகைய பகுதி வெறிமரபின் நெடிய வரலாற்றில் வேறெங்கும் இவ்வளவு முழுமையாக இல்லை. நம்மாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மகளின் குரலை ஏற்றுப் பாடியவர்களே. ஆயினும் மேற்கண்ட வெறிவிலக்குத் திருமொழியிலும் திருநெடுந்தாண்டகப் பாசுரத்திலும் தோழியின் வாயையோ தாயின் வாயையோ தேர்ந்தனர்; அறிவிக்கும் பொறுப்பை அவளுக்குத் தரவில்லை. ஆண்டாள் இடையில் எவரையும் வைக்கவில்லை.

இவ்விடத்தில் பெரியாழ்வாரையும் எண்ணுதல் தகும். அவர்தம் திருமொழியின் ஐந்தாம் பத்து இரண்டாம் திருமொழியில் நோய்களை நேரே விளித்து, இவ்வுடல் இறைவன் குடிகொண்ட காவல் நகர், இனி இங்கு இடமில்லை, விலகுங்கள் என்கிறார். உடலிலிருந்து வேண்டாததை வெளியேறச் சொல்லும் பேச்சுமுறை கோடாங்கியினுடையதே. வேறுபாடு, ஓட்டுபவரும் உடலுக்கு உரியவரும் ஒருவரே என்பதில் உள்ளது. தந்தையும் மகளுமாக இவ்வூரின் இரு ஆழ்வார்களும் தம் உடலைப் பற்றிய விசாரணையைத் தம் பொறுப்பிலேயே வைத்துக்கொண்டனர் எனலாம்.

6. இன்றைய பொருத்தம்

இவ்வாய்வு பாட்டுக்குள் நின்றுவிடக் கூடியதன்று. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நாடிவந்த மனநோயாளர்களைத் தங்கவைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றி 28 பேர் இறந்தனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் தப்ப இயலவில்லை. சங்கிலியிடுதலை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்கிறது. சடங்கின் பெயரால் அடித்தலும் புகையிடுதலும் பிணைத்தலும் எவ்வகையிலும் ஏற்கத்தக்கன அல்ல.

மறுபுறம், தமிழ்நாட்டுச் சிற்றூர்க் கோயில் ஒன்றில் தங்கிய 31 மனநோயாளர்களை இரகுராமும் பிறரும் ஆராய்ந்து, 2002ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரை, நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்ததாகக் கூறுகிறது. அங்கே பேயோட்டும் சடங்குகள் நிகழவில்லை. அச்சமற்ற, ஆதரவான சூழலில் தங்கியதையே ஆய்வாளர்கள் காரணமாகக் கருதினர். இவ்விரு நிகழ்வுகளையும் அகநானூறு 98ஆம் பாட்டின் ஒளியில் படிக்கலாம். குணம் கிட்டுவதும் கிட்டாததும் ஒரு வினா. நோயுற்றவர் தம் துயருக்குத் தாமே காரணம் கூற இடம் இருந்ததா என்பது மற்றொரு வினா. உடுக்கை 'யார்?' என வினவுகிறது. மருத்துவக் குறிப்பேடு 'என்ன?' என வினவுகிறது. இரண்டும் விடையைப் பெற்றதும் பெண்ணை விட்டு விலகிவிடக்கூடும்.

7. முடிவுரை

வெறியாட்டு, முத்துக்குறி, கோடாங்கியின் குறி ஆகியவை இலக்கியம், கோயிற்கலை, நாட்டார் வழக்கு எனத் தனித்தனிப் பாடங்களாகக் கற்பிக்கப்படுகின்றன. அவற்றை ஒரே விசாரணையின் வடிவங்களாகக் காணும்போது பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

முதலாவது, பெயர் சுட்டாமை என்னும் அகவிதி, வெறிப்பாடல்களில் தலைவிக்கு ஒரு காப்பாகவே செயற்படுகிறது. இரண்டாவது, பக்திமரபு குறிசொல்லும் பெண்ணுக்கு மெய்யுரைக்கும் தகுதியைத் தந்தது. ஆயினும் நிகழ்த்துதலில் அக்குரல் அரையரிடம் சென்றது. மூன்றாவது, கோடாங்கியின் களம் ஊரின் மறைந்த துயரங்களைப் பேசவைக்கிறது. ஆனால் பேசியதை உரியவளிடம் சேர்ப்பதில்லை. நான்காவது, நாச்சியார் திருமொழி இம்மரபுக்குள்ளேயே இம்மரபுக்கான மறுப்பையும் கொண்டிருக்கிறது.

திருவில்லிபுத்தூரில் அரையரின் வாயில் கட்டுவிச்சி குறி சொல்கிறாள். அவ்வூர்ப் பெண்ணோ குறி சொல்ல எவரையும் அழைக்காமல், மணலில் தானே வட்டம் வரைந்தாள். பேயோட்டுதலை ஆராய்வோர் பேய் கூறிய பெயரைப் பதிவு செய்யும்போது, உடுக்கை ஓய்ந்த பிறகு அப்பெண் தன் வாயால் கூறுவதையும் பதிவு செய்ய வேண்டும் என்பதே இவ்வொப்பீடு ஆய்வுலகின் முன் வைக்கும் கோரிக்கை.